ஊர் பேர் என்ன போடட்டும்?

பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்கிற வாடை வந்தது. "சரோஜா, பாலு பாலு" என்று கத்தினேன். முகமெல்லாம் சோப்பு நுரையோடு பின்கட்டிலிருந்து ஓடி வந்து அடுப்பை அணைத்தேன். வாசலில் எட்டிப் பார்த்தால் என் மனைவி கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். ஒரு கையில் ரோஸ் கலரில் ஒரு காகிதம். இன்னொரு கை வயிற்றின் மேல்.

"இன்னா அது?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்கிறவள் காகிதத்தை இடுப்பில் செருக மாட்டாள். இவள் செருகினாள். நான் பறித்துப் படித்தேன்.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி. செம்பாக்கத்தில் எங்கள் நிலத்தை விற்றுவிட்டு, மிச்சம் வைத்துக்கொண்ட ரோட்டோர மனையில் நான் ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருந்தேன். சிமெண்ட், ஆணி, கீல், தாழ்ப்பாள். ஒன்பதாவதோடு என் படிப்பு முடிந்தது. சரோஜா பத்தாவது. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துத் தங்கிய முதல் பிள்ளை, போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் நழுவிப் போயிருந்தது. இது இரண்டாவது. அதற்கும் இப்போது ஐந்தாம் மாதம்.

இவ்வளவு தெரிந்தால் போதும். அந்தக் காகிதத்தை நான் ஏன் அப்படிப் பறித்தேன் என்று புரிந்துவிடும்.

காகிதத்தில் இருந்தது

உங்களில் பலருக்கு அந்த நோட்டீஸ் வந்திருக்கும். அந்தக் காலத்தில் தாம்பரம், குரோம்பேட்டைப் பக்கம் அது வராத வீடு இல்லை. கையகலக் காகிதம், மேலே "அம்மன் துணை", கீழே "உபயம்: ஓர் அன்பர்". நடுவில் பொடி எழுத்தில் சங்கதி. எங்கள் வீட்டுக்கு வந்தது ஏறக்குறைய இப்படி இருந்தது.

"மலையடிவாரக் கோயில் ஒன்றில் அர்ச்சகர் நடை திறந்தபோது கருவறையில் ஒரு நாகம் இருந்தது. அதைக் கண்டு அவர் நடுங்கினார். அப்போது அந்த நாகம் ஒரு சிறுமியாக மாறி, என் வருகையை ஊரறியச் செய் என்று கூறி மறைந்தது. இதைக் கேள்வியுற்ற பல்லாவரம் துணி வியாபாரி ஒருவர் ஆயிரம் பிரதிகள் அச்சிட்டு வழங்கினார். அதன் பயனாக அவருடைய நெடுநாள் வழக்கு வெற்றியானது. அவ்வாறே செய்த மதுராந்தகம் ஆசிரியர் ஒருவருக்கு வெளிநாட்டு வேலை கிட்டியது. ஆனால் குன்றத்தூரில் ஒரு பெண்மணி இதைப் படித்துச் சிரித்து வீசி எறிந்தார். அதே வாரத்தில் தம் வயிற்றிலிருந்த குழந்தையை இழந்தார். ஆகவே இது கையில் கிடைக்கப் பெற்ற நீங்கள் அடுத்த அமாவாசைக்குள்..."

அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

நான் சாமி கும்பிடாதவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடையைத் திறந்ததும் தராசுக்குக் கற்பூரம் காட்டாமல் ஒரு ஆணிகூட விற்றதில்லை. ஆடி மாதம் முழுக்க மஞ்சள் வேட்டிதான். எங்கள் எல்லையில் இருக்கிற அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதில் எங்கள் குடும்பத்துக்கு உரிமை உண்டு. அதனாலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. சின்ன வயதிலிருந்து நான் அந்த அம்மனிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அவள் ஒரு நாளும் என்னிடம் "இல்லாவிட்டால்" என்று சொன்னதில்லை.

காகிதத்தை நான்காகக் கிழிக்கப் போனேன். சரோஜா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு பலம் அவளுக்கு எங்கிருந்து வந்ததோ.

"கிழிச்சீங்கன்னா இந்த வூட்டுல நான் இருக்க மாட்டேன்."

கிழிக்கவில்லை.

யார் போட்டது?

அன்றிலிருந்து என் வேலை சந்தேகப்படுவது என்றாகிவிட்டது. ஊரில் எத்தனையோ கேட் இருக்க, எங்கள் கேட்டின் இடுக்கில் ஏன் செருகினார்கள்? வயிற்றுப்பிள்ளைக்காரி இருக்கிற வீடென்று தெரிந்தவர்கள்தானே?

பால்காரனைச் சந்தேகப்பட்டேன். அவனுக்குப் படிக்கத் தெரியாது என்று பிறகு நினைவு வந்தது. படிக்கத் தெரியாதவன் செருகக் கூடாதா என்று திரும்பவும் சந்தேகப்பட்டேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புதிதாகப் பெயிண்ட் கடை போட்டவரை முறைத்துக்கொண்டே இருந்தேன். அவர் பாவம், நான் ஏதோ கோபத்தில் இருக்கிறேன் என்று நினைத்து ஒரு தூரிகையை இலவசமாகக் கொடுத்தனுப்பினார். எதற்கு இலவசம் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் என் கண் அடுத்த வீட்டுக் காந்தா அக்காவின் மேல் போய் நின்றது. அவர் கணவர் ரயில்வேயில் இருந்தார். அக்காவுக்கு ஊரில் நடப்பது எல்லாம் தெரியும், நடக்காததும் தெரியும்.

மறுநாளே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சரோஜா, உனுக்கும் வந்துச்சாமே? அடிச்சுக் குடுத்துடு கண்ணு. போன வருஷம் மாதிரி ஆயிடப் போவுது."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும் வந்துதுன்னு?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"நீங்க கத்துனது கேம்ப் ரோடு வரைக்கும் கேட்டுதே தம்பி. எனக்குக் கேக்காதா?" என்றார்.

நியாயமான பதில். ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

இதற்குள் சரோஜா காலையிலும் ராத்திரியிலும் சாப்பாட்டை விட்டுவிட்டாள். நோட்டீஸ் அடித்துக் கொடுக்கிற வரை ஒருவேளைதான் என்று வேண்டிக்கொண்டாளாம். சாயந்திரம் விளக்கேற்றும்போது ஒரு அகல் கூடுதலாக வைக்க ஆரம்பித்தாள். யாருக்கு என்று கேட்டேன்.

"அந்தக் குன்றத்தூர்க்காரம்மாவுக்கு."

"அது யாருன்னே தெரியாதே."

"தெரிஞ்சா தான் வெளக்கு வெக்கணுமா? அவளும் என்னை மாதிரி தானே. ஒரு தபா சிரிச்சுட்டா. அதுக்குப் போயி." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்சம்மா, "போன மாசத்துக்கு இந்த மாசம் கொறஞ்சிருக்கே, சாப்பாடு போடறாரா இல்லையா வூட்டுக்காரரு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நோட்டீசில் சொன்னது நடக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் நோட்டீசுக்குப் பயந்து இவள் பட்டினி கிடந்தே அது நடந்துவிடும் போலிருந்தது.

இடையில் ஒரு தந்தி

இந்த இடத்தில் பழைய சம்பவம் ஒன்று சொல்ல வேண்டும்.

நான் சிறுவனாக இருந்தபோது, மதுரைப் பக்கம் வேலைக்குப் போயிருந்த எங்கள் சித்தப்பாவிடமிருந்து ஒரு தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் அதைக் கொண்டுவந்தவரே படித்துச் சொன்னார். "லாரி கவிழ்ந்தது. சரக்கு இல்லை. முருகேசன் வருகிறான். சமையல் வேண்டாம்."

அவ்வளவுதான். முருகேசன் சித்தப்பாவின் மூத்த மகன், அவரோடு அங்கேயே வேலை பார்த்தவர். சித்தி மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தார். லாரி கவிழ்ந்ததில் சித்தப்பா போய்விட்டார், அதனால் பிணத்தோடு மகன் வருகிறான், அதனால் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று அங்கே யாரோ அவர் பேரில் அடித்திருக்கிறார்கள் என்று அங்கே கூடியிருந்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். பந்தல்காரனுக்குச் சொல்லியனுப்பினார்கள்.

சாயந்திரம் முருகேசன் அண்ணன் ஒரு கூடை நிறைய மல்லிகைப்பூவும் முறுக்குமாக வந்து இறங்கினார். யாருடைய லாரியோ கவிழ்ந்திருக்கிறது. சரக்கு வராததால் லீவு. சித்தப்பாவின் முதலாளி வீட்டு விசேஷத்துச் சாப்பாட்டை டிபன் கேரியரில் கட்டிக் கொடுத்திருந்தார்கள், அதனால்தான் சமையல் வேண்டாம். "எதுக்கு எல்லாரும் அழுவறீங்க?" என்று அவர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

தந்தியில் வார்த்தைக்குக் காசு. ஆகவே, அதனால், பிறகு என்பதெல்லாம் வீண் செலவு என்று சித்தப்பா விட்டுவிட்டார். விட்ட இடத்தில் எங்கள் ஆட்கள் தங்கள் பயத்தை வைத்துப் பூசிவிட்டார்கள்.

ரோஸ் நோட்டீஸ் அதற்கு நேர் எதிர். அதில் நாமாகப் பூசுவதற்கு இடமே விடவில்லை. அதைக் கண்டு, அப்போது, அதன் பயனாக, அவ்வாறே, ஆனால், அதே வாரத்தில், ஆகவே. ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகிறது. அர்ச்சகரில் கால் வைத்தால் அமாவாசையில்தான் போய் நிற்க முடியும். வழியில் இறங்கி, "இரு, நாகத்துக்கும் துணி வியாபாரியின் வழக்குக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று கேட்கத் தோன்றாது. சரோஜாவுக்குத் தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால், முதல் தடவை படித்தபோது எனக்கும் தோன்றவில்லை. இரண்டாவது நோட்டீஸ் கிடைத்த பிறகுதான் தோன்றியது.

இரண்டு சாட்சிகள்

தாம்பரம் மார்க்கெட்டில் கயிறு வாங்கப் போயிருந்தேன். அங்கே ஒரு பூக்கடைப் பலகையில் மஞ்சள் கலரில் ஒரு கட்டு. எடுத்துப் படித்தேன். அதே நோட்டீஸ்.

அதே நோட்டீஸ் என்றால் முழுக்க அதே இல்லை. இதில் துணி வியாபாரி இல்லை, காஞ்சிபுரத்தில் ஒரு அரிசி மண்டிக்காரர். அவருக்கு வழக்கு இல்லை, வயிற்றுவலி தீர்ந்தது. மதுராந்தகம் ஆசிரியருக்குப் பதில் பொத்தேரியில் ஒரு கல்லூரி மாணவர். குன்றத்தூர்ப் பெண்மணியைக் காணோம். அவருக்குப் பதிலாகத் திருநின்றவூரில் ஒரு பெண்மணி, அவரும் சிரித்தார், அவரும் எறிந்தார். "அதே வாரத்தில்" அவரும் குழந்தையை இழந்தார்.

கடைக்கு வந்து இரண்டையும் கல்லாப்பெட்டி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். என்னிடம் சுவர் கட்டச் சாமான் வாங்குகிறவர்கள் செங்கல்லை மாற்றி மாற்றிக் கேட்பார்கள், சூளைக்குச் சூளை வித்தியாசம். நடுவில் வைக்கிற சிமெண்ட் மட்டும் ஒன்றுதான். இந்த நோட்டீசும் அப்படி இருந்தது. ஆளும் ஊரும் நோயும் மாறுகின்றன. நடுவில் வருகிற அப்போது, அவ்வாறே, ஆனால், அதே வாரத்தில் மட்டும் ஒரு எழுத்து மாறவில்லை.

பிடித்துவிட்டேன் திருடனை என்று நினைத்தேன். கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"இங்க பாரு. ரெண்டையும் படி. புரியுதா?"

சரோஜா ரோஸைப் படித்தாள். மஞ்சளைப் படித்தாள். மறுபடி ரோஸ். அவள் முகத்தில் வெளிச்சம் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிறிப்போனாள்.

"அய்யோ, திருநின்றவூர்லயுமா?" என்றாள்.

"இன்னாது?"

"ஒரு எடத்துல நடந்தா பொய்யி சொல்றாங்கன்னு சொல்லலாம். ரெண்டு ஊர்ல நடந்துகீதே. ரெண்டு பேரும் பொய் சொல்வாங்களா?"

நான் புளுகு என்று காட்டக் கொண்டுபோன காகிதம் அவளுக்கு இரண்டாவது சாட்சியாகிவிட்டது. அன்று சாயந்திரம் திருநின்றவூர்க்காரம்மாவுக்கும் ஒரு அகல் எரிந்தது. காந்தா அக்கா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "ரெண்டு வெச்சா இன்னும் விசேஷம்" என்றார்.

நான் தோற்றேன். அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. இவள் கன்னம் ஒட்டிப்போய்விட்டது. "சரி, அடிச்சுத் தொலைக்கிறேன். நீ சாப்பிடு" என்றேன்.

"நானும் வரேன்."

"எதுக்கு? வெயில்ல, பஸ்ல."

"உங்களை நம்பி அனுப்ப மாட்டேன். அடிச்சுட்டேன்னு சொல்லிட்டு ஆணி மூட்டையத் தூக்கினு வருவீங்க."

அவளும் சந்தேகப்படக் கற்றுக்கொண்டிருந்தாள். அதுவும் என் யோசனையைச் சரியாகப் பிடித்துவிட்டாள்.

சந்துக்குள் அச்சகம்

குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டில் இறங்கி ஒரு சந்துக்குள் நடந்தால் அந்த அச்சகம். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. மண்ணெண்ணெயும் மையும் கலந்த வாடை. சுவரெல்லாம் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை மாதிரிகள். காலால் மிதித்து ஓட்டுகிற அச்சு மிஷின் ஒன்று. எழுத்துக் கோக்கிறவரும் முதலாளியும் ஒருவரே, பெயர் தேசிங்கு. கட்டம் போட்ட லுங்கி, நெற்றியில் பெரிய குங்குமம்.

"இன்னா சார், பத்திரிகையா? காதுகுத்தா?"

நான் ரோஸ் காகிதத்தை நீட்டினேன். அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. தூரத்திலிருந்தே தலையாட்டினார்.

"அம்மன் மேட்டரா. ரெடியா கீது. ஒக்காருங்க. யம்மா, நீ ஃபேனுக்குக் கீழ ஒக்காரு."

அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு தகரத் தட்டை இழுத்தார். அதில் ஈய எழுத்துகள் வரிவரியாக அடுக்கி, சுற்றிலும் நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. கண்ணாடியில் பார்ப்பது போல் எல்லா எழுத்தும் திரும்பியிருந்தன. நடுநடுவே பல் விழுந்த வாய் மாதிரி ஓட்டை.

"இது எப்பவும் இப்படியே கட்டியா வெச்சிருப்பீங்க?" என்றேன்.

"பின்ன? வாரத்துக்கு ஒருத்தர் வராங்க. ஒவ்வொரு தபாவும் பிரிச்சுக் கோத்தா எனக்குப் பேஜார். அதான் நிக்கிற மேட்டர் அப்படியே நிக்கிது. ஊரு, ஆளு, இன்னா நடந்துச்சு, அத்த மட்டும் புடுங்கிட்டு வேற சொருகறது. கிட்டக்க ஊரா போட்டா ஜனங்க நல்லா படிக்கிறாங்க."

நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் வந்து அடிக்கிறாங்க?" என்று கேட்டேன். அந்த "ஓர் அன்பரை" அப்போதே கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற ஆசை எனக்கு.

தேசிங்கு சிரித்தார். "யாருன்னு சொல்றது சார்? எல்லாம் உங்கள மாதிரி தான். பயந்துகினு வர்றவங்க. சந்தோஷமா வந்து அடிச்சவன் ஒருத்தனை நான் பாத்ததில்ல."

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "சொல்லுங்க. மொதல்ல நல்லது நடந்தவரு. ஊர் பேர் என்ன போடட்டும்?"

நான் யோசிப்பதற்குள் அவரே, "சரி, மேடவாக்கம், மளிகைக் கடை. லாட்டரில பணம். அப்பாலிக்கா, வேளச்சேரி, டிரைவரு, கல்யாணம் ஆச்சு" என்று எழுதிக்கொண்டார்.

"இப்ப கெட்டது. பொம்பளைக்கு நடந்தா தான் எடுபடுது. ஊர் சொல்லும்மா. செம்பாக்கம்னே போட்டுரட்டா? உங்க பக்கம் குடுக்கறப்ப நல்லா வேலை செய்யும்."

சரோஜா கேட்டது

சரோஜா எழுந்து தட்டுக்குப் பக்கத்தில் வந்தாள். ரோஸ் காகிதத்தை விரித்துப் பிடித்தாள்.

"அண்ணா, இது நீங்க அடிச்சது தானே? இதுல குன்றத்தூருன்னு போட்டிருக்கே. அந்தம்மா யாரு?"

"எந்தம்மா?"

"கொழந்தை போச்சே. அவங்க."

தேசிங்கு தலையைச் சொறிந்தார். "அது யாரும் இல்லம்மா. முன்னாடி செங்கல்பட்டுன்னு இருந்துச்சு. அதுல 'டு' தேஞ்சுபோயி சரியா வுழல. குன்றத்தூர்னு மாத்திட்டேன்."

"அப்போ அந்தக் கொழந்தை?"

"எந்தக் கொழந்தைம்மா?"

சரோஜா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். விழப்போகிறாள் என்று நான் எழுந்தேன். அவள் விழவில்லை. சிரிப்பும் அழுகையுமாக ஒரு சத்தம் அவள் தொண்டையிலிருந்து வந்தது.

"அதுக்கு நான் தெனம் வெளக்கு வெச்சேங்க" என்றாள் என்னிடம். "அவ இப்ப எப்படிக் கீறாளோ, எவனாவது அவளைத் திட்டறானோன்னு நெனச்சு நெனச்சு சோறு எறங்கல. அவ இல்லவே இல்லையாம்."

தேசிங்குக்கு ஒன்றும் புரியவில்லை. வேலையில் குறியாக இருந்தார். "லேட்டாவுதும்மா. செம்பாக்கமா, வேற ஊரா?"

"எந்த ஊரும் வேணாம்ணா. அந்தப் பத்தியையே எடுத்துடுங்க. நல்லது மட்டும் இருக்கட்டும்."

"எடுக்கலாம். காலி எடத்துக்குக் கட்டை வெச்சு ரொப்பிடலாம். ஆனா அத்த எடுத்துட்டா எவன்மா மேல அடிப்பான்? மொத்த மேட்டரையும் இழுத்துப் புடிச்சிக்கினு கீறதே அந்தப் பத்தி தான். அது இல்லாங்காட்டி படிச்சிட்டு, ஏதோ சாமி சமாச்சாரம்னு மடிச்சு வெச்சிருவாங்க."

"மடிச்சு வெக்கட்டும்."

"அமாவாசைம்மா" என்று நான் மெல்லச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவள் மனசு பிறகு மாறிவிட்டால் என்ற பயமாக இருக்கலாம்.

சரோஜா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நான் இப்ப செம்பாக்கம்னு சொன்னா, எங்கயாவது வாயும் வயிறுமா ஒருத்தி இருப்பா. அவ கேட்டுல இது இருக்கும். நான் வெளக்கு வெச்ச மாதிரி அவ எனக்கு வெளக்கு வெப்பா. என் கொழந்தை போயிட்டதா நெனச்சு" என்றாள். கை வயிற்றுக்குப் போயிற்று. "என் வாயால எவளுக்கும் அதைச் சொல்ல மாட்டேன். அம்மா கோச்சுக்கினா கோச்சுக்கட்டும்."

தேசிங்கு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "அட்வான்ஸ் வாங்கல, போங்க" என்று தட்டை உள்ளே தள்ளினார். கோபமில்லை. அடுத்த வாரம் வேறு யாராவது வருவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

சந்தை விட்டு வெளியே வந்ததும், "பசிக்குதுங்க" என்றாள். ரோட்டோர ஓட்டலில் அவள் பொங்கலும் வடையும் சாப்பிட்டதைப் பார்த்து, பரிமாறியவர் கேட்காமலே இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினார்.

பயம் இடம் மாறியது

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். அப்படி முடியவில்லை.

சரோஜா அன்றிலிருந்து நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். தூக்கம் போனது எனக்கு. நோட்டீசை நம்பாதவன் என்று அவ்வளவு நாள் மார்தட்டிய நான், அமாவாசை கழிந்த பிறகு ஒவ்வொரு நாளும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருமினாள் என்றால், "அதே வாரத்தில்" என்று என் மண்டைக்குள் அச்சடித்த மாதிரி ஒரு குரல் வரும். மாடிப்படியில் கால் இடறினாள் என்றால் அதே குரல். தேசிங்கின் தட்டில் இருந்த ஓட்டைகளில் நானே ஆளையும் ஊரையும் செருகிக்கொண்டிருந்தேன். ஆள் சரோஜா, ஊர் செம்பாக்கம்.

எல்லையம்மன் முன்னால் நின்று ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டேன். "நீயா சொன்ன? நீ சொன்னியான்னு மட்டும் சொல்லு." அவள் வழக்கம்போல் மஞ்சள் பூசிய முகத்தோடு பேசாமல் இருந்தாள். பூசாரி, "இன்னா அண்ணா, கணக்குத் தீக்கறியா?" என்று கேட்டுவிட்டு விபூதி கொடுத்தார். வாங்கிப் பூசிக்கொண்டு வந்தேன். பயம் முழுக்கப் போகவில்லை. பயத்தோடேயே கும்பிடலாம் என்று மட்டும் அன்று தெரிந்துகொண்டேன்.

பேறுகாலம் ஐப்பசியில் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நின்றேன், உட்கார்ந்தேன், நின்றேன். கதவைத் திறந்துகொண்டு நர்சம்மா வெளியே வந்தார். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. எதுக்குய்யா அழுவற, பொண்ணுன்னா?" என்றார். பொண்ணு என்பதற்காக நான் அழவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று காந்தா அக்கா ஆரத்தி எடுத்தார். "பாத்தியா சரோஜா, நோட்டீஸ் அடிச்சுக் குடுத்ததால தான் அம்மா முழுசா குடுத்தா" என்றார்.

"நாங்க அடிக்கலக்கா" என்றாள் சரோஜா.

அக்காவின் கையில் தட்டு ஒரு நொடி நின்றது. பிறகு சுற்றியது. "அதான் பொண்ணா பொறந்துகீது" என்றார்.

சரோஜா சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்துக்கொண்டது. அந்த நோட்டீசை எங்கள் கேட்டில் செருகியவர் காந்தா அக்காதானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அக்கா இப்போது பேரப்பிள்ளைகளோடு வேறு ஊரில் இருக்கிறார். எங்கேயாவது விசேஷத்தில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு பாசமாகப் பேசுவார். நானும் பாசமாகத்தான் பேசுவேன். ஆனால் அவர் கைப்பையை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

இந்த வாரத்துக்கு எழுத வேண்டியது மூன்று வாக்கியம் பாக்கி. பத்திரிகைக்காரர்கள் என் எழுத்தைத் திருத்தும்போது, தனித்தனியாக நிற்பதையெல்லாம் சேர்த்து அழகாக ஓடும்படி செய்துவிடுகிறார்கள். என் படிப்புக்கு அது பெரிய உதவி, நன்றி. இந்த மூன்றை மட்டும் நான் எழுதியபடியே விட்டுவிட வேண்டும். நடுவில் ஒரு வார்த்தையும் சேர்க்க வேண்டாம்.

நாங்கள் நோட்டீஸ் அடிக்கவில்லை. எங்களுக்கு மகள் பிறந்தாள். அம்மனுக்குப் பொங்கல் வைத்தோம்.